'கூட்டி' (Gooty) நீல டரான்டுலா சிலந்திய கலர் பென்சில்ல வரையலாம் வாங்க

நெட்ல ஒரு நீல சிலந்தி போட்டோ சுத்திட்டே இருக்கும், பாத்திருப்பீங்க. எடிட் பண்ணிருப்பாங்கன்னு தோணும், ஆனா அது நிஜ கலர்தான். பேரு பொய்சிலோத்தேரியா மெட்டாலிகா. ஆந்திராவுல கூட்டி ஊர் ரயில்வே மரக் கிடங்குல கிடைச்ச ஒண்ண வச்சு 1899ல போகாக்ங்கிற விஞ்ஞானி பேர் வச்சாரு, அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல ஆள் கண்ணுல படவே இல்ல, 2001லதான் கூட்டிலருந்து தூரமா நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவுல இருக்குற காட்டுல திரும்ப பாத்தாங்க, அதனால கூட்டிக்கு அது மரக்கட்டையோட ரயில்ல வந்திருக்கும்னு சொல்றாங்க.

தேவையானது: ஏ4 டிராயிங் ஷீட், ஹெச்பி பென்சில், ரப்பர், கலர் பென்சில்ல கறுப்பு, அடர் நீலம், வெளிர் நீலம், ஊதா, மஞ்சள். அவ்ளோதான்.

ஸ்டெப் 1: உடம்பு
ரெண்டு வட்டம் போடுங்க. முன்னாடி உள்ளது தலையும் நெஞ்சும் சேர்ந்தது, கொஞ்சம் தட்டையா. பின்னாடி வயிறு, அத நீளவாக்குல முட்ட மாதிரி இழுங்க. வளர்ந்த பெண் சிலந்தி கால் விரிச்சா 15லருந்து 20 சென்டிமீட்டர் வரும், அதனால ஏ4லயே நிஜ சைஸ்ல வரையலாம், அப்படி வரைஞ்சாதான் அது எவ்ளோ பெருசுன்னு உங்களுக்கே புரியும். எட்டு கண்ணும் முன்னாடி ஒரே சின்ன மேட்டுல கூட்டமா இருக்கும், தலை பூரா பரப்பி வைக்காதீங்க.

ஸ்டெப் 2: கால்
நிறைய பேர் இங்கதான் தப்பு பண்றாங்க. எட்டு காலும் முன் வட்டத்துலருந்து மட்டும்தான் கிளம்பும், வயித்துல ஒரு கால் கூட கிடையாது. இதுக்கும் முன்னாடி கால் மாதிரியே குட்டையா ஒரு ஜோடி உணர்கால் இருக்கும், அதையும் போடுங்க. மூணாவது ஜோடிதான் இருக்குறதுலயே குட்டை. கால் நுனிய கூரா முடிக்காம கொஞ்சம் அகலமா, மொழுக்குன்னு விடுங்க, ஏன்னா மரத்துல ஏறுற சிலந்திக்கு அங்க அடர்த்தியா மெத்தை மாதிரி முடி இருக்கும், பட்டையில வழுக்காம பிடிக்கிறது அதுதான்.

ஸ்டெப் 3: வெள்ளைய முதல்ல ஒதுக்குங்க
கலர் போடறதுக்கு முன்னாடியே வெளிர் கோடுகள லேசா குறிச்சுக்கோங்க. முதுகு நடுவுலருந்து விசிறி மாதிரி பிரியற கோடு, வயித்து மேல நீளமா ஓடுற பட்டை, அதோட ஓரம் ஒடிஞ்சு ஒடிஞ்சு கிளை விடும், கால்லயும் அங்கங்க சாம்பல் வெள்ளைல பட்டை. மரப்பட்டையோட ஒட்டிக்கிட்டு படுத்துட்டா உருவமே தெரியாம உடைச்சுக் காட்டுறது இந்த கோடுங்கதான். அதனால ஸ்கேல் வச்சு நேரா இழுக்காதீங்க, கை போற போக்குல போடுங்க.

ஸ்டெப் 4: நீலம்
இந்த நீலம் சாயம் கிடையாது. முடியோட ரொம்ப நுண்ணிய அமைப்புல வெளிச்சம் பட்டு திரும்பி வர்றப்ப நீலமா தெரியுது. அதனால காலு பூரா ஒரே நீலத்த அப்பிட்டா பிளாஸ்டிக் பொம்மை ஆயிடும். முதல்ல ஓரங்கள்ல கறுப்பு லேசா, அதுக்கு மேல அடர் நீலம், வெளிச்சம் படற பக்கம் வெளிர் நீலம், ரெண்டும் சேர்ற இடத்துல கொஞ்சூண்டு ஊதா, கால் நடுவுல நீளமா ஒரு மெல்லிசு வெள்ளைய அப்படியே பேப்பராவே விட்டுடுங்க. பென்சில எப்பவும் முடி போற திசையில, அதாவது உடம்புலருந்து நுனி பக்கமா இழுங்க. இதுக்கு பொறுமை வேணும், அவசரப்படாதீங்க.

குட்டி வரையணும்னா நீலத்த குறைச்சு பழுப்பு கலந்த ஊதா போடுங்க. வளர்ந்த ஆணுக்கு உடம்பு ஒல்லி, கால் நீளம், நீலமும் மங்கல்.

ஸ்டெப் 5: மஞ்சள்
கால் மூட்டுங்க பக்கத்துல மட்டும் சின்னச் சின்னதா வைங்க. நீலத்து மேல போட்டா பச்சையாயிடும், அதனால அந்த இடத்த முன்னாடியே காலியா விட்டு வைங்க.

ஸ்டெப் 6: பின்னணி
மணல், பாறை வேணாம், இது மரப்பொந்துல வலை பின்னி வாழற சிலந்தி. வயசான மரத்துல ஒரு பொந்து, வாயில கொஞ்சம் வலை, போதும். அந்தப் பொந்துள்ள பழைய மரங்கள விறகுக்கும் தடிக்கும் வெட்டிட்டே வர்றாங்க, இருக்குற இடமே 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. உலக அளவுல இயற்கைப் பாதுகாப்ப கவனிக்கிற ஐயூசிஎன் அமைப்பு 2008லயே இத அழிவோட விளிம்புல இருக்குற பட்டியல்ல சேத்துடுச்சு.

வரைஞ்சு போஸ்ட் பண்றப்ப பேரையும், அது வாழற இடம் கிழக்குத் தொடர்ச்சி மலைன்னும் எழுதுங்க. எந்தக் காட்டுல எந்த மரத்துலன்னு யாராவது கமென்ட்ல சொன்னா அத டெலீட் பண்ணிடுங்க, இத பிடிச்சு விக்கிறவங்களும் அந்த கமென்ட்ட படிப்பாங்க.