கரையோரக் கோயில் கதைகளைத் தொகுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமநாதபுரம் கடற்கரைச் சிற்றூர்களின் அம்மன், ஐயனார், முனியசாமி கோயில்களைப் பற்றிய கதைகளை எழுதப் புறப்படுவோர், சொன்னவர் சொல்லாததைத் தம்மையறியாமல் சேர்த்துவிடுகின்றனர். பெரும்பாலும் இது ஒரே சொல்லில் நடந்துவிடும். மண்டபம் பக்கத்தில் ஒரு பெரியவர், "ஆத்தா அக்கரையிலேர்ந்து பொட்டியில மெதந்து வந்தா" என்று சொன்னதை, 'இலங்கையிலிருந்து வந்த அம்மன்' என்று நான் குறித்துக்கொண்டேன். மறுமுறை கேட்டபோதுதான், பாம்பன் கால்வாய்க்கு அப்பாலுள்ள இராமேசுவரம் தீவையே அவர் அக்கரை என்றார் எனத் தெரிந்தது. அதே சொல் தனுஷ்கோடிக்காரர் வாயில் இலங்கைக் கரையிலுள்ள தலைமன்னாரைக் குறிக்கலாம். 1964 வரை இரண்டு ஊருக்கும் இடையே கப்பல் ஓடியது. பாக் நீரிணையில் எல்லைக்கோடு 1974இல்தான் ஒப்பந்தமாயிற்று. அதற்கு முந்தைய கதைகளுக்குத் தெரிந்தவை கரைகளே, நாடுகள் அல்ல.

காலத்தைக் கணிப்பதிலும் இத்தகைய அவசரம் உண்டு. "புயலுக்கு முந்தி" என்று கேட்டவுடன் 1964 டிசம்பர் என்று எழுதிவிடுகிறோம். ஆனால் 1978 நவம்பரிலும் கீழக்கரையை ஒட்டி ஒரு புயல் கரையைக் கடந்தது. எந்தப் புயல் என்று நேராகக் கேட்பதைவிட, அப்போது மூத்த பிள்ளை கைக்குழந்தையா, பள்ளிக்கூடம் போனதா என்று விசாரிப்பது நல்ல பலன் தரும்.

இராமாயணத்தின் இழுப்பு வேறு வகையானது. தேவிபட்டினத்துக் கடலில் நவக்கிரகங்களாக வணங்கப்படும் நவபாஷாணக் கற்களும் திருப்புல்லாணியும் சேதுக்கரையும் இராமனோடு சேர்த்தே பேசப்படும் இடங்களாதலால், படித்த வெளியூரார் வந்திருப்பதைக் கண்டதும் பூசாரியே தம் கோயில் ஊருணியில் இராமன் கால் நனைத்ததாகத் தொடங்குவார். அதைப் பொய்யென்று ஒதுக்கவும் வேண்டாம். அவருடைய பாட்டன் சொன்ன பெட்டிக் கதையோடு கலந்து சீரான ஒரே தலபுராணமாக்கவும் வேண்டாம். இரண்டையும் தனித்தனியாக, யாரிடம், யார் முன்னிலையில் சொன்னார் என்ற குறிப்போடு வைக்கவேண்டும். இதை நான் வற்புறுத்தக் காரணம், ஒரு குடும்ப வகையறா சொன்ன கதை மட்டும் 'கோயில் வரலாறு' என்று அச்சேறினால், நாளை முதல் மரியாதைத் தகராறில் அதுவே ஆதாரமாக நீட்டப்படும் என்பதுதான்.

பூசாரியோடு நிறுத்திக்கொள்வதும் குறையே. பொங்கல் வைத்துக் குலவையிடும் பெண்களிடம் இருக்கும் கதை வேறு. அப்படி ஒரு மூதாட்டி, பெட்டிக்குள் அம்மனோடு இன்னொருத்தியும் இருந்தாள் என்று தொடங்கி, என் கையிலிருந்த ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்து நிறுத்தினார். அதை அணைத்துப் பையில் போட்ட பிறகே மீதியைச் சொன்னார். அந்த மீதி என் குறிப்பேட்டில் இல்லை.