நியூஸ்குரூப்பில் செய்தி இறங்கவில்லையா? முதலில் சர்வரிடமே கேளுங்கள்

கோத்தகிரியில் ஆடிக் காற்று ஆரம்பித்துவிட்டால் மொபைல் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாத வலையின் குழுக்களில், அதாவது நியூஸ்குரூப்புகளில், செய்தி இறங்காவிட்டால் உடனே சிக்னலைத் திட்டத் தோன்றும். ஆனால் தலைப்புகள் வந்து உள்ளே இருக்கும் செய்தி மட்டும் வராவிட்டால், கோளாறு அநேகமாக வேறு இடத்தில் இருக்கிறது.

கணக்கு, சர்வர் முகவரி எல்லாம் போட்டிருப்பீர்கள். கூகுள் குரூப்ஸில் படித்தவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: 2024 பிப்ரவரி 22 முதல் யூஸ்நெட்டின் புதுச் செய்திகள் அங்கே வருவதில்லை. எடர்னல் செப்டம்பர் போன்ற இலவச சர்வரில் பதிந்துகொள்ளுங்கள்.

முதல் படி, செயலியை மூடிவிட்டு சர்வரோடு நேரடியாகப் பேசுவது. கட்டளை அடித்துப் பேசும் பழைய கருவியான டெல்நெட் வேண்டாம், 119 போர்ட்டில் (சர்வரின் மறையாக்கம் இல்லாத வாசல்) கடவுச்சொல் அப்பட்டமாகப் போகும். மறையாக்கிய இணைப்பைத் திறக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்-கிளையன்ட்டை (openssl s_client) 563 போர்ட்டுக்குத் திருப்புங்கள். கூடவே சிஆர்எல்எஃப் (-crlf), கொயட் (-quiet) என்ற இரண்டு தெரிவுகளையும் சேருங்கள். கொயட் இல்லாமல், விடைபெறும் கட்டளையான 'க்விட்'டைப் பெரிய எழுத்தில் (QUIT) அடித்தால், முதல் எழுத்தைப் பார்த்ததுமே ஓப்பன்எஸ்எஸ்எல் தானாக மூடிக்கொள்ளும். கட்டளை சர்வருக்குப் போகவே போகாது.

சர்வர் எண்களில்தான் பதில் சொல்லும். 200 வந்தால் நல்லது. 201 என்றால் படிக்கலாம், எழுத முடியாது. 480 என்றால் லாகின் கேட்கிறது. தண்டர்பேர்ட் மெயில் செயலியில் இதற்கென்றே சர்வர் அமைப்பில் ஒரு டிக் பெட்டி உண்டு, போட்டுவிடுங்கள்.

அடுத்து குரூப் கட்டளை (GROUP, கூடவே குழுவின் பெயர்). 211 என்ற பதிலோடு மூன்று எண்கள் வரும்: தோராயமாக எத்தனை செய்திகள், மிகச் சிறிய எண், மிகப் பெரிய எண். இந்த இடத்தில் நிதானம் தேவை. செய்தி எண் என்பது அந்தந்த சர்வர் தானாகப் போட்டுக்கொள்வது. ஒரே செய்தி ஒரு சர்வரில் 4,000 ஆகவும் இன்னொன்றில் 90,000 ஆகவும் இருக்கலாம். எங்கும் மாறாதது மெசேஜ்-ஐடி, அதாவது ஒவ்வொரு செய்திக்கும் உரிய தனி அடையாளம், மட்டும்தான். நீங்கள் எதுவரை படித்தீர்கள் என்பதை நியூஸ்ஆர்சி கோப்பு எண்களாகத்தான் குறித்து வைக்கிறது. பழைய சர்வரின் கோப்பைப் புது சர்வருக்கு எடுத்துப்போனால், அங்கே எண்கள் சிறியதாக இருந்தால், எல்லாம் படித்தாயிற்று என்று செயலி முடிவு கட்டிவிடும். ஒரு செய்திகூட வராது, பிழையும் காட்டாது! கோப்பைப் பெயர் மாற்றி வைத்துவிட்டு, குழுவில் புதிதாகச் சேருங்கள். செயலியை அழித்துத் திரும்ப நிறுவச் சொல்பவர்களை நம்பாதீர்கள், கோப்பு அப்படியே கிடக்கும்.

ஒரு செய்தியைக் கேட்கும்போது 423 வந்தால் அந்த எண்ணில் செய்தி இல்லை. 430 வந்தால் அந்த மெசேஜ்-ஐடி உள்ள செய்தி சர்வரிலேயே இல்லை. காலாவதியாகியிருக்கலாம், வந்தே சேராமலும் இருக்கலாம். இன்னொரு சர்வரில் அதே ஐடியைக் கேட்டுப் பாருங்கள்.

நியூஸ்குரூப் படிக்க எனக்குப் பிடித்தது பான் என்ற செயலி. தண்டர்பேர்ட் மெயிலுக்குச் சரி.

பின்சேர்க்கை: குன்னூரிலிருந்து ஒருவர், எல்லாம் செய்தும் 502 வருகிறது, இணைப்பு அதிகம் என்கிறது என்றார். சிக்னல் அறுந்தாலும் பழைய இணைப்பு உயிரோடு இருப்பதாகவே சர்வர் சிறிது நேரம் நினைத்துக்கொண்டிருக்கும். செயலி அதற்குள் புதிய இணைப்புகளைத் திறக்க, வரம்பு தாண்டிவிடுகிறது. அமைப்பில் இணைப்பு எண்ணிக்கையை ஒன்றாகக் குறைத்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து முயலுங்கள் என்றேன். சரியாகிவிட்டதாம்.