விமானியின் கல்லறைக்குப் பூ வைக்கப் போகிறவர்களுக்கு

மட்டக்களப்புக் கல்லடியில் தங்குமிடம் நடத்துகிறேன். இரண்டாம் உலகப் போரில் மூழ்கிக் கிடக்கும் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலைப் பார்க்கச் சுழியோட வருகிறவர்களில் சிலர் ஊர் திரும்பியபின் கேட்பார்கள்: "எங்கள் தாத்தாவின் தம்பி குண்டுவீச்சு விமானி. திருகோணமலையில் அடக்கம் என்கிறார்கள். ஒரு பூ வைப்பீர்களா?" உங்களிடமும் யாராவது கேட்டால் இப்படிச் செய்யுங்கள்.

உடனே பஸ் ஏற வேண்டாம். பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடுங்கள், காசு கேட்க மாட்டார்கள். குடும்பப் பெயர், படை, இறந்த ஆண்டு போதும். அதிகாரிகளை மட்டும் தேடாதீர்கள், விமானம் ஓட்டியவர்களில் சார்ஜன்ட்மாரும் நிறைய. '2. சி. 5' என்பதுபோல ஒன்று கிடைக்கும்: பகுதி, வரிசை, கல்லறை இலக்கம்.

சிலருக்குக் கல்லறையே இராது. 1942 ஏப்ரல் 9, நம் கடலில் ஹேர்மிஸ் மூழ்கிய அதே நாள், கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்து போய் ஜப்பானியக் கப்பல்களைத் தாக்கிய 9 ப்ளென்ஹீம் என்ற பிரித்தானியக் குண்டுவீச்சு விமானங்களில் 5 திரும்பவில்லை. அப்படிக் கடலோடு போனவர்களின் பெயர் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச்சின்னத்தில் இருக்கும். அதை வீட்டாருக்கு நேரே சொல்லிவிடுங்கள்.

கல்லறை இருந்தால், இறந்த திகதியிலேயே போவது நல்லது. நாமும் திவசத்தை நாள் பார்த்துத்தானே செய்கிறோம். திருகோணமலைப் போர் மயானம் நிலாவெளி வீதியில், நகருக்கு வடக்கே. நந்தியாவட்டையோ செவ்வரத்தையோ வீட்டிலிருந்தே ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோகலாம். கற்பூரம், மெழுகுதிரி வேண்டாம், கல்லில் கறை பிடிக்கும். ப்ளென்ஹீமில் மூன்று பேர் பறப்பார்கள். ஒன்றாக இறந்தவர்களை அருகருகே அடக்கியிருப்பதும் உண்டு. பக்கத்துக் கற்களில் அதே திகதி இருந்தால் அவர்களுக்கும் பூ வையுங்கள். நம்மவருக்கு மட்டும் வைத்துவிட்டுத் திரும்ப எனக்கு மனம் வராது.

அப்புறம் போட்டோ. நேர் வெயிலில் எழுத்துத் தெரியாது, வெயில் பக்கவாட்டில் சரிந்து விழும்போதுதான் ஒவ்வொரு எழுத்தும் எழும்பி நிற்கும். நிழலாக இருந்தால், கூட வந்தவரிடம் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்து ஓரத்திலிருந்து வெளிச்சம் அடிக்கச் சொல்லுங்கள். சோக்கு, மா எதுவும் பூசாதீர்கள், துடைக்கத் தண்ணீர் போதும். கல்லின் அடியில் ஒரு வரி இருந்தால் அதைத் தனியாக எடுங்கள். அது அந்தக் காலத்தில் வீட்டார் தெரிவு செய்து கொடுத்த வாசகம், இப்போதுள்ள பேரப்பிள்ளைகள் பலர் கண்டதே இல்லை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எழுத்து மங்கும், டொக்கியுமென்டாக அனுப்புங்கள்.