பச்சைப் பலகையைக் காயவைப்பது எப்படி?

அறுப்பு மில்லிலிருந்து பச்சையாக வந்த வேப்பம் பலகையை அப்படியே கதவாக்கினால், ஒரு கோடை தாண்டுவதற்குள் இணைப்பு விலகிவிடும். காயக் காய மரம் சுருங்கும். அந்தச் சுருக்கம் பட்டறையிலேயே முடிந்துவிட வேண்டும்.

முதல் வேலை: அறுத்த அன்றே இரு முனைகளிலும் கெட்டியாகப் பெயின்ட்டோ மெழுகோ பூசுங்கள். முனை வழியாக ஈரம் பல மடங்கு வேகமாக வெளியேறுவதால் வெடிப்பு அங்கேதான் தொடங்கும். வெடித்ததை வெட்டி எறிந்தால் நல்ல மரமும் சேர்ந்து போகும்.

அடுத்து, அடுக்குவது. நிழலான, காற்றோட்டமான இடத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி அடுக்குங்கள். வரிசைக்கு வரிசை நடுவே ஓர் அங்குல ரீப்பர் (இடைவெளிக்கு வைக்கும் மரச்சட்டம்), இரண்டடிக்கு ஒன்று. ரீப்பருக்கு நேர் மேலேதான் அடுத்த ரீப்பர் வர வேண்டும். என் முதல் அடுக்கில் நான்கு விரல் தள்ளித் தள்ளி வைத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்துப் பிரித்தபோது பலகைகள் வில்லாக வளைந்திருந்தன. இழைத்து நேராக்கியதில் கனம் கால் அங்குலம் குறைந்தது. மேலே தகரம் மூடிப் பாரம் வையுங்கள்.

காய்ந்ததா என்று நாட்களை எண்ணிப் பார்க்காதீர்கள். அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது தோராயக் கணக்குதான். முனையிலிருந்து ஒன்றரை அடி உள்ளே தள்ளி ஒரு துண்டு அறுத்து எடை போடுங்கள். 132 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதை 103 டிகிரி செல்சியஸ் அடுப்பில், எடை இனிக் குறையாது என்ற நிலை வரும்வரை வைத்தால் 110 கிராம். போன நீர் 22. அதைக் காய்ந்த எடையான 110 ஆல் வகுத்தால் ஈரப்பதம் 20 சதவீதம்.

இந்த அளவுக்குக் காற்றிலேயே காயவிட்டு, பிறகு சூளைக்கு (மரத்தைச் சூடேற்றிக் காயவைக்கும் அறைக்கு) அனுப்புவதுதான் சிக்கனம் என்பேன். சூளையில் நாளும் எரிபொருளும் குறையும். பச்சையாகவே கடும் சூட்டில் ஏற்றினால் மேல்பக்கம் இறுகி, உள்ளே வெடிக்கும். அறுக்கும்போதுதான் அது தெரியும். ஆனால் கடலோர ஈரக்காற்றில் எவ்வளவு நாள் போட்டாலும் ஓர் அளவுக்குக் கீழே மரம் காயாது. ஏசி அறைக்கான மேசை, அலமாரிக்கு 8 முதல் 10 சதவீதம் வேண்டும். அதற்குச் சூளை கட்டாயம்.

சூளையிலிருந்து வந்த பலகையை உடனே இழைக்காமல், ஒரு வாரமாவது பட்டறைக்குள் ரீப்பர் வைத்து அடுக்கி வையுங்கள்.