சேலம் வெயிலில் கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை: மாடியில் எப்படித் தொடங்குவது

சேலத்தில் குகை என்கிற பகுதியில் சாயங்காலம் தட்டுவடை செட் போடுகிற கடை எங்களுடையது. இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், அதோடு ஒரு காரச் சட்னி, ஒரு கொத்தமல்லி புதினாச் சட்னி. பச்சைச் சட்னி சரியில்லை என்றால் செட்டே சரியில்லை. அதனால் தழை நல்லதா இல்லையா என்பது கட்டை அவிழ்க்கும்போதே எனக்கு மூக்கில் தெரிந்துவிடும். கடைக்கு வேண்டிய அளவு மாடியில் விளையாது, அதற்கு உழவர் சந்தைதான். ஆனால் வீட்டுச் சமையலுக்கு ஆறு வருடமாக எங்கள் மொட்டை மாடித் தழைதான்.

கடைக்கு வருகிற பெண்கள் பலர், "எனக்குக் கைராசியே இல்லைங்க, எதை வெச்சாலும் காஞ்சுபோகுது" என்பார்கள். கைராசி இல்லை, மாதம்தான் காரணம். இதை எனக்குப் புரியவைத்தவள் ஏற்காட்டில் இருக்கிற என் தங்கை. ஒரு பங்குனி மாதம் ஒரே தனியாப் பொட்டலத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்து விதைத்தோம். எனக்கு நாலு விரல் உயரம் வருவதற்குள் தண்டு குச்சியாகி, இலை நூல் மாதிரி மெலிந்து, பூ வந்துவிட்டது. அவளுக்கு ஒரு சாண் உயரத்துக்குக் குடைபோல விரிந்து நின்றது. "அக்கா, நீ தண்ணி ஊத்தினியா இல்லையா?" என்று போனில் கேட்டாள். ஊற்றத்தான் செய்தேன். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறு டிகிரி குறையும். 20 கொண்டை ஊசி வளைவு தாண்டினால் கொத்தமல்லிக்கு வேறு ஊர், வேறு காலம். சூடு ஏறினால் அந்தச் செடி இலையை விட்டுவிட்டுப் பூவுக்கும் விதைக்கும் அவசரப்படும். அது அதன் குணம்.

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்கள் சேலத்தில் புரட்டாசியில் தொடங்குங்கள். மாசி வரைக்கும் தாராளமாக வரும். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது கொத்தமல்லி விதைக்க வேண்டாம். அந்த நேரத்தில் புதினாவையும் கறிவேப்பிலையையும் காப்பாற்றினாலே போதும்.

முதலில் மண். செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, மேலே ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்த்தூளில் உப்பு இருக்கும். வாளியில் ஊறவைத்து இரண்டு முறை தண்ணீரை மாற்றிப் பிழிந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். தொட்டிக்குக் காசு செலவழிக்காதீர்கள். பழக்கடையில் திராட்சை வருகிற தெர்மாகோல் பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடியில் ஆணியால் எட்டு, பத்து ஓட்டை போட வேண்டும். கறுப்புப் பை வெயிலில் கொதிக்கும், வேர் வெந்துவிடும். தெர்மாகோல் சூட்டை உள்ளே விடாது. எதில் வைத்தாலும் நேராகத் தளத்தின் மேல் வைக்காமல் இரண்டு செங்கல் கொடுத்து ஏற்றி வையுங்கள். தளத்துச் சூடு வேரில் ஏறாது, தண்ணீர் தேங்கித் தளமும் கெடாது.

இடம் கிழக்குப் பார்த்ததாக இருக்கட்டும். காலை வெயில் நாலு மணி நேரம் போதும். மதியத்துக்கு மேல் மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலோ, சுவரின் நிழலோ விழுகிற மூலைதான் மாடியிலேயே நல்ல இடம். அப்படி ஒரு மூலை இல்லாவிட்டால் 50 சதவீத நிழல் வலை கட்டுங்கள். நான் முதல் வருடம் பழைய பருத்திப் புடவையைத்தான் கட்டினேன், அதுவும் நன்றாகவே வேலை செய்தது.

இப்போது கொத்தமல்லி. ஆறு அங்குல ஆழம், வாய் அகலமான பெட்டி. மளிகைக் கடைத் தனியாவே போதும், ஆனால் புதியதாக, வறுக்காததாக இருக்க வேண்டும். ஒரு மணி தனியாவுக்குள் இரண்டு விதை இருக்கிறது. முழுசாகப் போட்டால் முளைக்க நாளாகும். அதனால் ஒரு துணியில் கொட்டிச் சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டுங்கள். இரண்டாகப் பிளக்க வேண்டும், நொறுங்கக் கூடாது. பிளந்ததை ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் வடித்து, விதைக்கும் விதைக்கும் ஒரு விரல் இடைவெளி விட்டுத் தூவி, அரை அங்குலம் மண் மூடுங்கள். தண்ணீரைச் செம்பால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும். பாட்டில் மூடியில் ஓட்டை போட்டுத் தெளியுங்கள். முளைப்பு தெரிய எட்டு முதல் பன்னிரண்டு நாள் ஆகும். ஐந்தாம் நாள் பெட்டியைப் பார்த்துவிட்டு "வரவில்லை" என்று கிளறிப் பார்ப்பவர்கள்தான் அதிகம். தயவுசெய்து கிளறாதீர்கள்.

முளைத்ததைப் பிடுங்கி வேறு தொட்டியில் நட வேண்டாம். ஆணிவேர் அறுந்தால் அதற்குத் தாங்காது. 35, 40 நாளில் கத்தரிக்கோலால் வெளிப்பக்க இலையாக வெட்டுங்கள். நடுக்குருத்தை விட்டால் இன்னொரு முறை தழைக்கும். ஒரு பெட்டியில் விதைத்து, இரண்டு வாரம் கழித்து அடுத்த பெட்டியில் என்று விதைத்தால் வீட்டில் தழை இல்லாத நாள் வராது. கடைசியில் பூத்துவிட்டால் கவலைப்படாமல் விட்டுவிடுங்கள். தேனீ வரும். அப்புறம் வருகிற பச்சைக் காயை இடித்து ரசத்தில் போட்டுப் பாருங்கள், அந்த வாசனை எந்தக் கடையிலும் கிடைக்காது.

புதினாவுக்கு விதை வேண்டாம். சந்தைக் கட்டிலேயே செடி இருக்கிறது. முற்றின தண்டாக ஐந்தாறு எடுத்து, இலையைச் சட்னிக்குக் கிள்ளிக்கொண்டு, நுனியில் மட்டும் நாலு இலை விட்டு ஒரு டம்ளர் தண்ணீரில் கணு முழுகும்படி வையுங்கள். தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். ஒரு வாரத்தில் கணுவிலிருந்து வெள்ளை வேர் வரும், பிறகு மண்ணில் நடலாம். அகலமான தொட்டி, தனித் தொட்டி. கொடி ஓடிப் பக்கத்துச் செடியின் இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும். அரை நிழல் அதற்குப் போதும், ஈரம் காயக் கூடாது. வாரம் ஒரு முறை நுனியைக் கிள்ளினால் அடர்த்தியாகும். இலை சின்னதாகி வாசனை குறைந்தால், மண்ணோடு ஒட்ட வெட்டிவிட்டு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போடுங்கள். பத்து நாளில் புதுசாக எழும்.

கறிவேப்பிலைக்குப் பொறுமை வேண்டும். கன்றாக வாங்குங்கள், செங்காம்பு என்று கேட்டு வாங்கினால் வாசனை நன்றாக இருக்கும். பெரிய டிரம்மில் வைத்து, முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், அப்போதுதான் பக்கக் கிளை வரும். முதல் வருடம் சமையலுக்குப் பறிக்காமல் இருந்தால் பின்னால் வருடக்கணக்கில் கொடுக்கும். பறிக்கும்போது இலை இலையாக உருவாமல் ஈர்க்கோடு ஒடியுங்கள்.

எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம், தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும். இந்தத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் கறிவேப்பிலையில் நரம்பு மட்டும் பச்சையாக, இலை மஞ்சளாக வெளுக்கும். என் மாமியார்தான், "புளிச்ச மோர் ஊத்து கண்ணு" என்று சொன்னார். ஒரு பங்கு மோருக்கு ஐந்து பங்கு தண்ணீர், பதினைந்து நாளுக்கு ஒரு முறை. அடுத்து வந்த துளிர் பச்சையாக வந்தது. குழாயில் காவிரித் தண்ணீர் வருகிற நாளில் ஒரு குடம் செடிக்கென்று பிடித்து வைக்கிறேன். மழைத் தண்ணீர் கிடைத்தால் அதற்கு ஈடே இல்லை.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தால் அது பட்டாம்பூச்சிப் புழு. பெரிதானால் பச்சையாகி இரண்டு நாளில் கிளையை மொட்டையாக்கும். மருந்து வேண்டாம், கையால் எடுத்துவிடலாம். நான் ஒரு கிளையை அவற்றுக்கென்று விட்டுவைக்கிறேன். மாவுப்பூச்சி, அசுவினி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல், சாயங்காலம் மட்டும் தெளிப்பது. தெளித்த பிறகு நாலைந்து நாள் பறிக்கக் கூடாது.

கற்பூரவல்லிக்குச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு தண்டை ஒடித்துக் குத்தினால் வரும், தண்ணீர் அதிகமானால் அழுகும். ரோஸ்மேரி, தைம் எல்லாம் தங்கையின் மலைக்குச் சரி. இங்கே முதல் வருடமே அதில் கை வைக்க வேண்டாம்.

தண்ணீர் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். அளவு கிடையாது. விரலை இரண்டு கணு மண்ணில் விடுங்கள், ஈரம் பட்டால் இன்றைக்கு வேண்டாம், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். காலை ஏழு மணிக்குள் ஊற்றுவது நல்லது.

கறிவேப்பிலை மரம் வைத்திருக்கிற வீடு தெருவில் இருந்தால் பழம் கறுக்கும்போது கேட்டு வாங்குங்கள். சதையைக் கழுவி எடுத்துவிட்டு அன்றைக்கோ மறுநாளோ விதைத்துவிட வேண்டும். காய வைத்துச் சேமித்தால் முளைப்பு போய்விடும்.