சிகாகோ பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிகாகோ என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் விவேகானந்தர். அவரிடமிருந்தே தொடங்கலாம். 1893இல் அங்கே உலகக் கண்காட்சி நடந்தது. சர்வ சமய மாநாடும் அதையொட்டித்தான் கூடியது. அதனால் அவர் கண்காட்சித் திடலில் பேசினார் என்று எழுதிவிடுகிறார்கள். கண்காட்சி நடந்த ஜாக்சன் பூங்கா, நகர மையத்திலிருந்து தெற்கே சுமார் 11 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மாநாடு கூடியது மிச்சிகன் அவென்யூவில், இன்று ஆர்ட் இன்ஸ்டிடியூட் அருங்காட்சியகம் இருக்கும் கட்டடத்தில். அதனுள்ளே இருக்கும் ஃபுல்லர்ட்டன் அரங்கத்தைக் காட்டி "இங்கேதான் பேசினார்" என்று சொல்வதும் சரியல்ல. அந்த அரங்கம் திறக்கப்பட்டதே 1898இல்தான். செப்டம்பர் 11 அன்று அவர் பேசிய கொலம்பஸ் மண்டபம் மாநாட்டுக்காகத் தற்காலிகமாக எழுப்பியது, இப்போது இல்லை. அவரை அனுப்பிவைக்கச் சென்னையில் வீடு வீடாக ஏறி இறங்கிப் பணம் திரட்டிய அளசிங்கப் பெருமாளை நாம் மறந்துவிடுகிறோம். அது இன்னும் பெரிய தவறு.

அடுத்தது, மாட்டின் மேல் பழி போடுவது. 1871 அக்டோபர் 8 இரவு, டிகோவன் தெருவில் கேத்தரின் ஓலியரி என்ற பெண்ணின் மாடு விளக்கை உதைத்துத் தள்ளியது, ஊரே எரிந்தது என்ற கதை இன்றும் சுற்றுகிறது. தீ அந்தக் கொட்டகைப் பக்கம் தொடங்கியது உண்மை. எப்படிப் பற்றியது என்பதை அப்போது நடந்த விசாரணையாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. தான் அந்நேரம் படுத்துவிட்டதாக அவர் சொன்னார். ஆனால் அவர் ஏழை, அயர்லாந்திலிருந்து வந்தவர், கத்தோலிக்கர். பழி போட வசதியான ஆள். 1895இல் சாகும்வரை அந்தப் பழியைச் சுமந்தார். அவரும் மாடும் குற்றமற்றவர்கள் என்று நகரமன்றம் தீர்மானம் போட்டது 1997இல். ஒரு பெண்ணுக்கு 126 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த நியாயம் அது. வேடிக்கைக்காகக்கூட அந்தக் கதையைத் திரும்பச் சொல்லாதீர்கள்.

நகரம் எரிந்ததற்கான காரணங்கள் கண்ணெதிரே இருந்தன. மழையில்லாத கோடை. வீடுகள் மரம், நடைபாதைகள்கூட மரப்பலகை. முந்தைய இரவே ஒரு பெரிய தீயோடு போராடி வீரர்கள் களைத்திருந்தார்கள். காவல் கோபுரத்திலிருந்து பார்த்தவர் தீ இருக்குமிடத்தைத் தவறாகக் கணித்தார். கடைசியில் நீரேற்று நிலையமே எரிந்து குழாய்களில் தண்ணீர் நின்றுபோனது. சுமார் 300 பேர் இறந்தார்கள், ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். அதே இரவில் விஸ்கான்சின் மாநிலத்தில் பெஷ்டிகோ என்ற சிற்றூரையும் சுற்றுப்புறக் காடுகளையும் தின்ற தீயில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சிகாகோவின் தீயைச் சொல்கிறவர்கள் அதையும் ஒரு வரியாவது சொல்ல வேண்டும்.

ஆற்றைப் பற்றிய கதையிலும் கவனம் தேவை. சிகாகோ ஆறு நகரத்தின் கழிவையெல்லாம் மிச்சிகன் ஏரியில் கொட்டியது. குடிநீரும் அதே ஏரியிலிருந்துதான். 1900இல் 28 மைல் கால்வாய் வெட்டி ஆற்றின் ஓட்டத்தையே எதிர்த்திசைக்குத் திருப்பினார்கள். இதுவரை உண்மை. ஆனால் 1885இல் பெருமழைக்குப் பின் காலராவிலும் டைஃபாய்டிலும் 90,000 பேர் இறந்ததால்தான் இது நடந்தது என்பார்கள். மழை பெய்தது, அப்படியொரு கொள்ளைநோய் அந்த ஆண்டு வரவேயில்லை. ஒரு நகரத்தில் எட்டில் ஒருவர் இறந்திருந்தால் அன்றைய பத்திரிகைகளும் கல்லறைகளும் சொல்லியிருக்காதா?

சிகாகோவுக்கு 'காற்று நகரம்' என்ற பெயரை 1890களில், உலகக் கண்காட்சியை எந்த ஊரில் நடத்துவது என்ற போட்டியின்போது, ஒரு நியூயார்க் பத்திரிகை ஆசிரியர் வைத்தார் என்பதும் நிற்காது. 1876லேயே அது அச்சில் இருக்கிறது. சாப்பாட்டில் இரண்டே விஷயம்: ஹாட் டாக்கில் கெட்சப் கேட்காதீர்கள், கடுகுச் சாந்துதான் அங்கே வழக்கம். அப்புறம், தடித்த டீப் டிஷ் பீட்சாதான் அவர்களின் அன்றாட உணவு என்று நினைக்காதீர்கள். ஊர்க்காரர்கள் வழக்கமாகச் சாப்பிடுவது சதுரமாக வெட்டிய மெல்லிய பீட்சா.

கடைசியாக, சிகாகோவை நிறுவியவர் யார்? வணிகர் ஜான் கின்சியை முதல் குடியேறியாகக் காட்டும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அவருக்கு முன்பே, 1780களில், ஆற்றின் முகத்துவாரத்தில் வீடும் பண்ணையும் அமைத்து வாழ்ந்தவர் ழான் பாப்டிஸ்ட் புவாண்ட் தூ சாபிள் என்ற கறுப்பினத்தவர். மனைவி கிட்டிஹாவா பொட்டவாட்டமி பழங்குடிப் பெண். தூ சாபிளுக்கும் முன்னால் அந்த மண்ணில் பழங்குடிகள் வாழ்ந்தார்கள். சிகாகோ என்ற பெயரே அங்கே விளைந்த காட்டு வெங்காயத்துக்கு அவர்கள் வைத்த சொல்லிலிருந்து வந்தது. 2021இல் ஏரிக்கரைச் சாலையின் (லேக் ஷோர் டிரைவ்) பெயரில் தூ சாபிளின் முழுப் பெயரும் சேர்ந்தது. வழி கேட்கும்போது அந்தப் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.