ஹிர்ட்டாத் தீவின் குடும்பங்களை வீடு வீடாகப் பதிவு செய்வது எப்படி?

ஸ்காட்லாந்தின் மேற்கே, நார்த் யூயிஸ்ட் தீவிலிருந்து ஏறத்தாழ 64 கிலோமீட்டர் தொலைவில் உள்ள செயின்ட் கில்டா தீவுக்கூட்டத்தில், ஹிர்ட்டா என்னும் தீவில்தான் மக்கள் நிலையாக வாழ்ந்தனர். 1930 ஆகஸ்ட் 29 அன்று, எஞ்சியிருந்த 36 பேரும் தாங்களே விண்ணப்பித்துக் கேட்டுக்கொண்டபடி கப்பலேறி வெளியேறினர். அன்று எட்டு வயதுச் சிறுமியாக இருந்த ரேச்சல் ஜான்சன் 2016-இல் காலமானதோடு, அங்கு வாழ்ந்தோர் வாயிலிருந்து நேரே கேட்டறியும் வழி அடைபட்டுவிட்டது. இனி அந்த மக்களைப் பெயர் பெயராக நினைவில் நிறுத்த விரும்புவோர், ஏடுகளையும் பழைய ஒலிப்பதிவுகளையும் ஒன்றோடொன்று பொருத்தியே எழுத வேண்டும்.

குடும்பப் பெயரைக் கொண்டு தொடங்காதீர்கள். கில்லிஸ், மெக்டொனால்ட், ஃபெர்குசன், மெக்கின்னன், மெக்குவீன் ஆகிய சில பெயர்களுக்குள்ளேயே பெரும்பாலோர் அடங்கிவிடுகின்றனர். போதாததற்கு, மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனாரின் பெயரையும் இரண்டாவது மகனுக்குத் தாய்வழிப் பாட்டனாரின் பெயரையும் இடும் வழக்கம் ஸ்காட்லாந்தில் பரவலாக இருந்ததால், ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் அடுத்தடுத்து எதிர்ப்படுவார்கள். கேலிக் மொழி பேசிய தீவினர் இந்தக் குழப்பத்தைத் தந்தை, பாட்டன் பெயர்களைத் தொடராகச் சொல்லித் தீர்த்துக்கொண்டனர். நீங்களும் ஒவ்வொருவரையும் ‘டோனலின் மகன் இயனின் மகன் ஃபின்லே’ என்பது போன்ற தொடராகவே குறித்துக்கொள்ளுங்கள்; பட்டப்பெயர் கிடைத்தால் அதையும் விடாதீர்கள்.

என் கருத்தில், இந்தத் தீவுக்கு மிகப் பொருத்தமான அடிப்படை வீடுதான். 1860-களில் கட்டப்பட்ட 16 வீடுகள் விரிகுடாவை நோக்கி ஒரே தெருவில் வரிசையாக நிற்கின்றன. வீட்டுக்கொரு தாள் எடுத்து, 1871 முதல் 1921 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அந்த வீட்டில் இருந்தோரைப் பத்தாண்டுக்கொரு பத்தியாக எழுதுங்கள். கணக்கெடுப்பில் வீட்டு எண் தெளிவாக இல்லாத இடத்தில், அண்டை வீட்டாரின் வரிசையைப் பார்த்து ஊகிக்கலாம். ஆனால் ஊகத்தைப் பென்சிலால் எழுதுவது நல்லது. தெருவுக்கு முந்தைய காலத்துக்குச் செல்வோருக்கு 1764-ஆம் ஆண்டின் பட்டியல் ஒரு புதையல். 90 பேரைக் காட்டும் அந்தத் தாள்கள் 2004-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தன. ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு 36 முட்டையும் 18 கடற்பறவையும் உண்டதாக அதில் ஒரு குறிப்பு இருக்கிறது. பெயர்களை நம்பலாம், இந்தக் கணக்கை நம்புவது கடினம்.

அடுத்து, 1855 ஜனவரி 1 முதல் ஸ்காட்லாந்தில் கட்டாயமாக்கப்பட்ட பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளுக்குச் செல்லுங்கள். ‘ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்’ என்னும் அரசு இணையதளத்தில் பிறப்புப் பதிவின் படத்தை 100 ஆண்டுகளுக்குப் பிறகும், திருமணத்தை 75 ஆண்டுகளுக்குப் பிறகும், இறப்பை 50 ஆண்டுகளுக்குப் பிறகும் பார்க்கலாம். இவற்றுள் இறப்புப் பதிவையே முதலில் தேடுங்கள். இறந்தவரின் தந்தை பெயரோடு தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் அதில் கேட்கப்பட்டிருப்பதால், ஒரே பெயருடைய இருவர் ஒரே வீட்டுப் பிள்ளைகளா, வெவ்வேறு வீட்டினரா என்பது பெரும்பாலும் அங்கேயே தெளிந்துவிடும். தெருவுக்குப் பின்னாலுள்ள இடுகாட்டில் எழுத்தே இல்லாத கற்கள் மிகுதி என்பதால், கல்லறையைப் படித்து அறியலாம் என்று எண்ணிப் பயணம் போகாதீர்கள்.

பலர் விட்டுவிடுவது பச்சிளங்குழந்தைகளை. பிறந்து ஏறத்தாழ எட்டாம் நாளில் தாக்கிய இசிவு நோயால், 19-ஆம் நூற்றாண்டில் ஏராளமான குழந்தைகள் இறந்தனர். ஆங்கஸ் ஃபிட்ஸ் என்னும் போதகர் கிருமிநீக்க முறையைக் கற்றுவந்து நடைமுறைப்படுத்திய 1890-களில்தான் அது ஓய்ந்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த கணக்கில் இக்குழந்தைகள் அகப்படமாட்டார்கள். பிறப்பையும் இறப்பையும் இணைத்துப் பார்த்து, பெயரில்லாமல் பதிவாகியிருந்தாலும் ‘மகன், பெயரிடப்படவில்லை’ என்று அந்த வீட்டுத் தாளில் உரிய இடத்தில் எழுதுங்கள்.

வெளியேறியோரைத் தேடுகையில் ஓர் எண் உங்களைக் குழப்பும். 1852-இல் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டவர்களும் 36 பேரே. அவர்களில் பலர் பயணத்தின்போதே மாண்டனர். மெல்போர்னில் உள்ள செயின்ட் கில்டா என்னும் பகுதி இவர்களால் பெயர் பெற்றதன்று. அது முன்னரே அங்கு வந்த ஒரு கப்பலின் பெயர். 1930-இல் வெளியேறியோரில் பலர் ஆர்கைல் பகுதியின் லொக்அலைன் அருகே குடியேறினர். ஆண்கள் சிலருக்கு வனத்துறையில் வேலை கிடைத்தது, மரமே இல்லாத தீவிலிருந்து வந்தவர்களுக்கு! அவர்களின் பிற்கால வாழ்வுக்கு, ‘தோபர் அன் தூவல்கிஷ்’ தளத்தில் உள்ள கேலிக் ஒலிப்பதிவுகளையும் தேடிப் பாருங்கள்.

சுற்றுலாப் பயணிகள் எடுத்த படங்களில் ‘செயின்ட் கில்டாப் பெண்கள்’ என்று மட்டுமே பெரும்பாலும் இருக்கும். இடமிருந்து வலமாக எண்ணிட்டு, இன்னார் என்று சொன்னவர் யார், எந்த ஆண்டு சொன்னார் என்பதையும் தனித்தாளில் குறியுங்கள். வாழ்ந்துவரும் வழித்தோன்றல்களின் பெயர்களை அவர்கள் இசைவின்றி வெளியிடாதீர்கள்.

1930-இல் 16 வீடுகளிலும் ஆள் இருக்கவில்லை. அத்தகைய வீட்டின் தாளில் ‘காலி’ என்று மட்டும் எழுதிவிடாமல், அங்கு கடைசியாக இருந்தவர் இறந்தாரா, அண்டை வீட்டுக்குச் சென்றாரா, கிளாஸ்கோவுக்குப் போனாரா என்பதையும் ஆண்டையும் எழுதுங்கள்.